விளக்கை வைதவள்

பனி இறங்கிவிட்டால் அந்த நாட்டில் பகலுக்கும் மாலைக்கும் வித்தியாசம் கிடையாது. ஏரியும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். படகில் போகிறவனுக்குத் தன் துடுப்பின் நுனி தெரியாது. ஏரி என்று சொன்னாலும் அதன் மறுகரையைப் பார்த்தவர்கள் ஊரில் அதிகம் இல்லை.

ஏரிக்குள் ஒரு பாறை. பாறையின் மேல் ஒரு கோபுரம், கோபுரத்தின் உச்சியில் விளக்கு. இப்போதைய அரசரின் பாட்டனார் ஏற்றிவைத்தது. நாட்டின் கொடியில் இருப்பதும் காசில் இருப்பதும் அந்த விளக்குதான். பனிக்காலத்தில் அது பகலிலும் எரியும். அதைப் பார்த்து, பாறையை விலக்கி ஓட்டினால் துறைக்கு வந்துவிடலாம். பார்க்காமல் ஓட்டியவர்களின் படகுப் பலகைகள் கோடையில் கரை ஒதுங்கும்.

விளக்கைக் கவனித்துக்கொண்டிருந்தவள் வடிவம்மை. ஒரு காலத்தில் அரண்மனைப் பிள்ளைகளுக்குத் தர்க்கம் சொல்லிக் கொடுத்தவள். ஒரு நாள், பேசியது போதும் என்று தோன்றிவிட்டது. பாறைக்கு வந்துவிட்டாள். வந்த இடத்திலாவது விட்டார்களா? கேள்வியோடு படகேறி வருவார்கள். அவளிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்காது, வேலை கிடைக்கும். பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரிக்கச் சொல்வாள். பாதிப் பேர் அதிலேயே ஞானம் அடைந்து அடுத்த படகில் ஊர் திரும்பிவிடுவார்கள்.

திரும்பாமல் நிலைத்த சீடர் ஒருவர்தான். நல்லபெருமாள், நாட்டின் தலைமை நீதிபதி. தலை முழுக்க நரை. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம் என்பதால் அவள் அவரை அண்ணாச்சி என்பாள். குரு என்பதால் அவர் அவளை அம்மா என்பார். இருவருக்கும் இதில் சங்கடம் எதுவும் இருந்ததில்லை.

அன்று பிற்பகலில் அவர் தனியாகப் படகை வலித்துக்கொண்டு வந்தார். படகு பாறையில் இரண்டு முறை இடித்த பிறகுதான் நின்றது. வடிவம்மை இறங்கி வந்து கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"இது பேராச்சி படகுல்லா?"

"ஆமா. பறிமுதல் பண்ணினது. பனியில பாறைக்கு வர வேற ஒருத்தனும் சம்மதிக்கல."

"உங்களுக்குத் துடுப்பு வலிக்க வராதே அண்ணாச்சி."

"வராதுதான். வந்துட்டேன். நாளைக்குக் காலையில அவளுக்குத் தீர்ப்பு சொல்லணும்."

அவள் ஒரு பழைய வேட்டியை எடுத்து அவர் மடியில் போட்டாள். அவர் கிழிக்கத் தொடங்கினார்.

பேராச்சியின் வழக்கு என்னவென்று சொல்ல வேண்டுமானால் ஏரிக்காரர்களின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். விளக்கு மங்கினால் அவர்கள் வைவார்கள். சாதாரண வசவு அல்ல. கேட்டவன் காதைக் கழுவினாலும் போகாத வசவு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வசவு உண்டு, பாட்டன் சொத்து மாதிரி. அதைக் கேட்டே யார் படகு எந்தத் திசையில் வருகிறது என்று சொல்லிவிடலாம். விளக்குக்குப் புதிதாக ஆள் வந்தால், முதல் நாள் அவரைத் துறையில் உட்காரவைத்து ஊரே கூடி நின்று மாலை வரை வையும். கேட்டு முடித்ததும் அவர் எல்லோருக்கும் பானகம் கொடுக்க வேண்டும். கோபப்பட்டால் வேலை கிடையாது. வடிவம்மை அன்று கோபப்படவில்லை. ஆனால் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே பானகம் ஊற்றினாள். அழுதால் தப்பில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி வேலையைக் கொடுத்தார்கள்.

இளைய அரசர் பட்டத்துக்கு வந்த புதிதில் ஒரு மாலை காற்று வாங்கத் துறைக்கு வந்தார். பனிக்குள்ளிருந்து தன் பாட்டனாரின் விளக்குக்கு விழுந்த வசவைக் கேட்டார். அரண்மனைக்குத் திரும்பியவர் அன்று சாப்பிடவில்லை. அரசர் நல்லவர். சிக்கலே அதுதான். கொஞ்சம் தடித்த தோலாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

சட்டம் வந்தது. விளக்கைப் பழிப்பது அரசைப் பழிப்பதாகும். மூன்று ஆண்டு சிறை, படகு பறிமுதல். பழித்த சொல்லைத் திருப்பிச் சொல்வதும் பழிப்பே. பழித்தவரைக் காப்பவரும் பழித்தவரே. குறை இருந்தால் தக்க மரியாதையுடன் விண்ணப்பிக்கலாம்.

எழுதியவர் நல்லபெருமாள். கடைசி வரி அரசர் சொன்னதல்ல, அவராகவே சேர்த்தது. அதைப் பற்றி அவருக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

அதன் பிறகு ஏரி நாகரிகமாகிவிட்டது. பனிக்குள்ளிருந்து 'விளக்கு வாழ்க' என்ற குரல் மட்டும்தான் வந்தது. வடிவம்மை சரியாகத் தூங்கி நாளாயிற்று. சும்மா சும்மா எழுந்து கோபுரம் ஏறினாள். ஏன் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

பேராச்சி வாயைத் திறந்தது சென்ற மாதம்.

"அப்படி என்னதான் சொன்னாளாம்?" என்று வடிவம்மை கேட்டாள்.

நல்லபெருமாள் திரியை உருட்டுவதை நிறுத்தினார். "தெரியாதும்மா."

"தெரியாதா?"

"திருப்பிச் சொல்றதும் குத்தம்லா. காவலன் வந்து 'அதைச் சொன்னா'ன்னான். சாட்சிக்காரங்க 'ஆமா, அதைத்தான் சொன்னா'ன்னாங்க. அவளைக் கேட்டா வாயவே தெறக்க மாட்டேங்கா."

"என்னன்னு கேக்காமலே தீர்ப்பா?"

"கேட்டா நானும் உள்ள போகணும்."

"சாட்சி யாரு?"

"அன்னைக்கு அவ பின்னால வந்த படகுக்காரங்க."

"எல்லாரும் கரை சேந்துட்டாங்களா?"

"சேந்ததுனாலதான சாட்சி சொல்ல வந்தாங்க."

வடிவம்மை அவர் உருட்டிய திரியை எடுத்துப் பார்த்தாள். தளர்ச்சியாக இருந்தது. பிரித்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்" என்றார் நல்லபெருமாள். "அன்னைக்கு விளக்கு எரிஞ்சுதா, இல்லையா?"

"எரிஞ்சுது."

"எண்ணெய் இருந்துதா?"

"நிறைய இருந்துது."

அவருக்கு முகம் தொங்கிவிட்டது. இல்லை என்று அவள் சொல்வாள் என்ற நப்பாசையில்தான் அவ்வளவு தூரம் துடுப்புப் போட்டு வந்திருந்தார். அதைக் கொண்டு எதையாவது செய்யலாம் என்று இருந்தார். பேராச்சிக்கு ஒரு கைக்குழந்தை. படகைத் தவிர ஒன்றும் இல்லை. மூன்று ஆண்டு என்பது அந்தக் குழந்தைக்குத் தாயே இல்லை என்பது மாதிரி. அதை நினைத்து அவர் பல நாளாகச் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்திருந்தார்.

"எரியிற விளக்கைப் போயி வைதிருக்கா. எனக்கு வழியே இல்லாமப் பண்ணிட்டா. பணிவாச் சொல்லுன்னுதான சொல்லுதோம்? சொல்லவே கூடாதுன்னா சொன்னோம்? பணிவாச் சொல்றதுல என்ன குறைஞ்சு போவுது? நீங்களே சொல்லுங்க."

வடிவம்மை எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் விளக்கை நீங்க பாத்துக்கிடுங்க."

"நானா? நீங்க எங்க போறிய?"

"படகுல கொஞ்சம் போயிட்டு வாரேன்."

"இந்தப் பனியிலயா? திரும்பி எப்படி வருவிய?"

"விளக்கு இருக்குல்லா" என்றாள். "நீங்கதான பாத்துக்கிடுதிய."

படகைத் தள்ளி ஏறினாள். பனி அவளை மூடிக்கொண்டது. துடுப்புச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

நல்லபெருமாள் கோபுரம் ஏறினார். உச்சியில் கண்ணாடியால் ஆன ஓர் அறை. நடுவில் ஆள் உயர வெண்கல விளக்கு. புன்னை எண்ணெய் வாடை. அவர் எண்ணெயை நிரப்பினார். திரியைத் தூண்டினார். சுடர்கள் நிமிர்ந்து நின்றன. நீதிபதி உடம்பு கூட ஒரு வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. விளக்குக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்தார்.

மாலை மெல்லப் பனிக்குள் கரைந்தது. எங்கிருந்தோ வெள்ளைப் பூச்சிகள் வந்தன, அரிசிக் குறுணை அளவில். பனிக்காலத்தில் வரும் பூச்சிகள்தான். ஒவ்வொன்றாகக் கண்ணாடியின் வெளிப்பக்க ஈரத்தில் வந்து உட்கார்ந்தன. விளக்கின் ஒளி பட்டு அவற்றின் இறகுகள் மின்னின. முதலில் அங்கொன்றும் இங்கொன்றும். பிறகு கண்ணாடி முழுக்க. வெள்ளிப் பூ வேலை செய்த சேலையை நான்கு பக்கமும் தொங்கவிட்ட மாதிரி அறை ஜொலித்தது. நல்லபெருமாள் தன் கையைப் பார்த்தார். கையும் ஜொலித்தது. இவ்வளவு வெளிச்சத்தை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. தானே விளக்குக்குள் உட்கார்ந்திருப்பது போல, தனக்கு உடம்பே இல்லாதது போல இருந்தது.

தூரத்தில் ஒரு குரல் கேட்டது. "விளக்கு வாழ்க!"

கேட்க இனிமையாக இருந்தது. இன்னொரு பக்கத்திலிருந்து இன்னொரு குரல். "விளக்கு வாழ்க!" பிறகு ஒரு கிழவனின் குரல், பிறகு யாரோ ஒரு பெண். வாழ்த்துகள் பனியில் மிதந்து வந்து கண்ணாடியைத் தொட்டுவிட்டுப் போயின. அரசர் இதைக் கேட்டால் எவ்வளவு மகிழ்வார் என்று நினைத்துக்கொண்டார். அவர் கண் லேசாகச் செருகியது.

பிறகு தெரிந்த குரல். வடிவம்மையுடையது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மாட்சிமை பொருந்திய... திருவிளக்கின் சந்நிதிக்கு... அடியாள் பணிந்து..."

அதற்கு மேல் பனி விழுங்கிவிட்டது. அவர் பூரித்துப் போனார். குருவே தன் சட்டப்படி பேசுகிறாள்! எழுந்து நின்று கை கூப்பினார். கூப்பிய கையோடு காத்திருந்தார். மறுபடியும் அதே குரல், இன்னும் எங்கோ தள்ளி. "மாட்சிமை பொருந்திய..." அவ்வளவுதான் கேட்டது. மூன்றாம் முறையும் அவ்வளவுதான். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எதற்கு இத்தனை முறை என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே திரியை இன்னும் கொஞ்சம் தூண்டிவிட்டார்.

கீழே மரம் பாறையில் மோதும் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் அல்ல. ஆனால் அவர் திரியை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தார்.

அப்போது அது வந்தது. அடித்தொண்டையிலிருந்து, நீட்டி முழக்கி, பனியைக் கிழித்துக்கொண்டு.

"ஏஏஏ சவத்து மூதீஈ! எண்ணெயை நீ குடிச்சியா, ராசா குடிச்சானாஆ? உள்ள உக்காந்து மூஞ்சியையா பாத்துக்கிட்டிருக்கே? வெளிய வந்து பாரு மூதீஈ!"

ஒரு சொல் விடாமல் கேட்டது. அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. நாட்டின் தலைமை நீதிபதியை வாழ்நாளில் ஒருவரும் மூதி என்று சொன்னதில்லை. என்ன துணிச்சல் என்றுதான் முதலில் தோன்றியது. இவளைப் போய் குரு என்று நினைத்தோமே என்றும் தோன்றியது. அந்தக் கோபத்தோடேயே, என்னவென்று கேட்டுவிடுவோம் என்கிற வேகத்தில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளித்தளத்துக்கு வந்தார்.

வெளியே இருட்டாக இருந்தது.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி விளக்கைப் பார்த்தார். விளக்கு இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் இருந்தது. பூச்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. அத்தனை வெளிச்சமும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மேல்துண்டை உருவி அவர் துடைக்க ஆரம்பித்தார். இறகுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. துண்டு போதவில்லை. கையால் வழித்தார். வழித்த இடத்திலிருந்து ஒளி பாளம் பாளமாகப் பனிக்குள் பாய்ந்தது. நான்கு பக்கமும் துடைத்து முடித்தபோது கீழே துடுப்புச் சத்தம் நேராக, நிச்சயமாக வந்துகொண்டிருந்தது. மற்றப் படகுகளின் துடுப்புச் சத்தமும் துறைப் பக்கம் திரும்பி விலகிப் போனது. வாழ்த்துக் குரல்கள் நின்றுவிட்டன.

வடிவம்மை கரையேறியபோது படகின் ஒரு பக்கம் பிளந்திருந்தது. அவள் முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. நல்லபெருமாள் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். அவளைக் கொன்றிருப்போமே என்ற எண்ணம் இப்போதுதான் முழுதாக வந்து சேர்ந்தது. அவர் அழுதார். அவள் அழவிட்டாள்.

"பேராச்சி சொன்னது அதுதானா?" என்று கடைசியில் கேட்டார்.

"அதேதான். அவ பாட்டி காலத்து வசவு."

"முதல்லயே அப்படிக் கத்தியிருக்கலாமே. இந்தக் காயம் பட்டிருக்காதே."

"சட்டம் இருக்கே அண்ணாச்சி. முதல்ல பணிவாத்தான் சொன்னேன். உங்களுக்கு என்ன கேட்டுது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாட்சிமை பொருந்தியன்னு கேட்டுது."

"நான் சொன்னது கண்ணாடியைத் துடைங்கன்னு."

ஆனால் நீதிபதி நீதிபதிதான். அவருக்குள் வாதம் ஓயவில்லை.

"எண்ணெயை ராசா குடிக்கலியே. அது பொய்தான?"

"பொய்தான்."

"பொய்யச் சொன்னதுக்காவது தண்டனை வேண்டாமா?"

"கண்ணாடியில பூச்சி அப்பியிருக்குன்னு தண்ணியில கிடக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிஞ்சது இருட்டு மட்டும்தான்."

"அன்னைக்கு நீங்க என்ன செஞ்சிய?"

"ஏறிப் போயிக் கண்ணாடியைத் துடைச்சேன். அப்புறம் கண்ணைத் துடைச்சேன்."

"வலிச்சுதா?"

"வலிக்காம? மனுஷிதான."

அவர் அடுத்த கேள்வியை மெதுவாகக் கேட்டார். அதுதான் அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த கேள்வி. அரசரும் அவரிடம் கேட்ட கேள்வி.

"எல்லாரும் பேராச்சி மாதிரியா? விளக்கு நல்லா எரியும்போதே, சும்மா கெட்ட புத்தியில வையிறவன் இருக்கானே. அவனை என்ன செய்விய?"

"மேல ஏறிப் பாப்பேன்."

"எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

"இறங்கி வருவேன்."

"அவ்வளவுதானா?"

"முட்டி வலிக்கும்."

"அந்த வைதவன்? அவன் என்ன ஆவான்?"

"அவனுக்கென்ன" என்றாள் வடிவம்மை. "வீட்டுக்குப் போயிச் சேந்திருப்பான்."

அன்று அவளைத் தூங்கச் சொல்லிவிட்டு அவர்தான் விளக்கைப் பார்த்துக்கொண்டார். பல நாள் தூக்கம் அவளை அடித்துப் போட்டுவிட்டது. விடிந்தபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. கடைசியாக ஒரு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பிளந்த படகில் கந்தலை அடைத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டும் துடுப்புப் போட்டுக்கொண்டும் துறைக்கு வந்து சேர்ந்தார். பனி விலகவில்லை. நேற்றைவிடக் கனத்திருந்தது.

துறைப் படியில் இரண்டு காவலர்கள் பேராச்சியோடு காத்திருந்தார்கள். நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போகும் வழி அதுதான். அவள் கைகள் கட்டப்பட்டிருந்தன. உதடுகளும் கட்டியது போல இறுகியிருந்தன. தன் படகின் பிளந்த பக்கத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"தீர்ப்பு என்னங்கய்யா?" என்று ஒரு காவலர் ஆசையாகக் கேட்டார். "அரண்மனையில மூணு வருசம்னு பேசிக்கிடுதாங்க."

நல்லபெருமாள் பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது ஏரியிலிருந்து குரல் வந்தது.

"விளக்கு வாழ்க!"

அதிகாலையில் வலை இழுக்கப் போன படகுகள் திரும்பும் நேரம். இன்னொரு குரல். "விளக்கு வாழ்க!" வலப்பக்கத்திலிருந்து ஒன்று, நடுவிலிருந்து இரண்டு. ஒரு சிறு பிள்ளையின் குரலும் அதில் இருந்தது. அப்பனோடு போன பிள்ளையாக இருக்கும்.

"கேட்டியளா அய்யா" என்றார் காவலர். "காலங்காத்தாலயே எம்புட்டு பக்தி!"

நேற்று மாலை அந்த வாழ்த்து அவர் காதில் தேனாகப் பாய்ந்தது. இப்போது அதைக் கேட்டதும் அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பாறை இருக்க வேண்டிய திசையில் வெள்ளைதான் இருந்தது. வெளிச்சம் இல்லை. பூச்சிகள் மறுபடி அப்பிவிட்டன. அவள் தூங்குகிறாள். நாம்தான் தூங்கவிட்டு வந்தோம்.

"விளக்கு வாழ்க! விளக்கு வாழ்க!" குரல்கள் இப்போது நெருங்கி வந்தன. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. வாழ்த்து என்று நினைத்தால் வாழ்த்து. அழுகை என்று நினைத்தால் அழுகை.

அவர் படியிலிருந்து இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் போய் நின்றார். வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. வாழ்நாள் முழுக்க அளந்து பேசிய வாய். மறுபடி திறந்தார்.

"ஏ சவத்து மூதி!"

பக்கத்து வீட்டுப் பூனையைக் கூப்பிடுவது மாதிரி இருந்தது. காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காதில் விழுந்தது நிஜமா என்று அவர்களுக்குச் சந்தேகம்.

பேராச்சி பல நாளைக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"இப்படிச் சொன்னா எங்கய்யா கேக்கும்? நீட்டிச் சொல்லணும்."

கட்டிய கையோடு அவளும் தண்ணீரில் இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள். யாரைப் பிடிப்பது என்று காவலர்களுக்குத் தெரியவில்லை. பிடித்தால் விசாரிக்க வேண்டியவரே தண்ணீரில்தான் நின்றார்.

"ஏஏஏ சவத்து மூதீஈ! எண்ணெயை நீ குடிச்சியா, ராசா குடிச்சானாஆ? வெளிய வந்து பாரு மூதீஈ!"

இரண்டு குரலும் சேர்ந்து போயின. ஏரி சட்டென்று அமைதியானது. வாழ்த்துகள் நின்றன. பிறகு, பனிக்குள் எங்கோ, ஒரு கிழவன் தன் பாட்டன் வசவை எடுத்தான். தயங்கித்தான் எடுத்தான், முடிக்கும்போது தயக்கம் இல்லை. அடுத்த படகு தன்னுடையதை எடுத்தது. அதற்கடுத்தது. அந்தச் சிறு பிள்ளைக்கு அவன் வீட்டு வசவு முழுதாகத் தெரியவில்லை, பாதியைச் சொன்னான். ஏரி முழுக்க வசவு. நல்லபெருமாள் கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

வெகு நேரம் வெள்ளைதான் இருந்தது.

பிறகு பனியில் ஓர் இடம் மட்டும் லேசாக மஞ்சளானது. மஞ்சள் அகன்றது. ஒரு பக்கம் தெளிந்தது, அடுத்த பக்கம் தெளிந்தது. படகுகளின் மூக்குகள் ஒவ்வொன்றாகத் துறைப் பக்கம் திரும்பின.

பாறையிலிருந்து ஒரு குரல் வந்தது. தூக்கம் கலையாத குரல். அழுத குரலாகவும் இருக்கலாம்.

"இப்பத் தெரியுதாஆ?"